புதிய உடற்குறைபாடும் சக வழிகாட்டியின் துணையும்

சாலை விபத்து, மரத்தில் இருந்து விழுதல், பக்கவாதம், நீரிழிவு நோயால் கால் அகற்றப்படுதல், கண் நோயால் பார்வை குறைதல் போன்ற காரணங்களால் வாழ்வின் நடுவில் ஒருவருக்கு உடற்குறைபாடு ஏற்படலாம். இத்தகைய நிலையில் மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகியோரின் உதவி இன்றியமையாதது. அதனுடன், அதே குறைபாட்டுடன் சில ஆண்டுகள் வாழ்ந்து பழகிய ஒருவரின் துணையும் பெரும் பயன் தரும். இத்துணையை அளிப்பவரே சக வழிகாட்டி எனப்படுகிறார்.

சக வழிகாட்டி என்ன செய்வார், அவரால் எவ்வகைப் பயன் கிடைக்கும், அவரை எப்போது, எவ்வாறு அணுகுவது, அவருடைய பணியின் எல்லைகள் எவை என்பன பற்றி இப்பக்கம் விளக்குகிறது. காரைக்கால் மாவட்டம் நெடுங்காடு போன்று, பெரிய மறுவாழ்வு மருத்துவ நிலையங்களில் இருந்து தொலைவில் உள்ள ஊர்களில் வாழ்பவர்களையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது.

சக வழிகாட்டி என்பவர் யார்?

சக வழிகாட்டி உங்களைப் போன்றே நோயாளியாக இருந்தவர். உங்களுக்கு ஏற்பட்ட அதே வகைக் குறைபாடு அவருக்கும் ஏற்பட்டிருக்கும். தொடக்கக் காலத்தின் அதிர்ச்சி, துயரம், குழப்பம் ஆகியவற்றைக் கடந்து, தமக்கேற்ற ஒரு வாழ்க்கை முறையை அவர் அமைத்துக்கொண்டிருப்பார். அந்த அனுபவத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்ள அவர் முன்வருகிறார்.

அவர் மருத்துவர் அல்லர். மனநல ஆலோசகரும் அல்லர். நோயைக் கண்டறிவதும் மருந்து பரிந்துரைப்பதும் அவருடைய பணி அல்ல. மருத்துவக் குழு கூறிய அறிவுரையை அன்றாட வாழ்வில் எவ்வாறு நடைமுறைப்படுத்துவது என்பதே அவர் நன்கு அறிந்த செய்தி. சில மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் சக வழிகாட்டிகளுக்கு முறையான பயிற்சி அளிக்கப்படுகிறது. வேறு சில இடங்களில், முன்பு சிகிச்சை பெற்ற ஒருவரை மருத்துவக் குழுவினரே உங்களுக்கு அறிமுகப்படுத்துவர்.

வீடு திரும்பிய பிறகு எழும் சிக்கல்கள்

மருத்துவமனையில் உள்ளவரை நேரத்துக்கு மருந்து கொடுக்கவும், படுக்கையில் திருப்பிப் படுக்கவைக்கவும், ஐயங்களுக்கு விடை கூறவும் ஆட்கள் இருப்பர். அங்குத் தரை சமமாக இருக்கும். கதவுகள் அகலமாக இருக்கும். வீடு திரும்பிய முதல் நாளிலேயே நிலைமை மாறிவிடுகிறது. வாசற்படி உயரமாக இருக்கும். கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தெருவும் வீட்டு முற்றமும் சேறாகி, சக்கரங்கள் புதையும். உறவினர்கள் வந்து பார்த்துக் கண்கலங்கிச் செல்வர். சில வாரங்களில் அவர்களின் வருகையும் குறைந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். நெடுங்காட்டுப் பகுதியில் தென்னை மரத்தில் இருந்து விழுந்து, முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்வை இழந்த முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பிப் படுக்க வேண்டும் என்று செவிலியர் கூறியிருக்கிறார். பகல் முழுவதும் உழைத்துவிட்டு உறங்கும் மனைவியை இரவில் எழுப்ப அவருக்கு மனம் வருவதில்லை. எனவே விடியும்வரை ஒரே பக்கமாகப் படுத்திருக்கிறார். சிறுநீர் கழிக்க ஒவ்வொரு முறையும் பிறர் உதவி தேவைப்படுவதால், யாருக்கும் தொல்லை தரக்கூடாது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். இவற்றை அவர் மருத்துவரிடம் கூறுவதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. சில வாரங்களில் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் உண்டாகின்றன.

தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வதற்கு இவ்விரண்டும் முதன்மையான காரணங்கள் ஆகும். கவனிக்காமல் விட்டால் இவை உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்க இயலும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் குறை அறிவுரையில் இல்லை. அறிவுரையைப் பின்பற்ற விடாமல் தடுத்தவை கூச்சமும் பிறருக்குச் சுமையாகிவிட்டோம் என்ற எண்ணமும் ஆகும். இதே எண்ணத்துடன் இதே போன்ற இரவுகளைக் கழித்த ஒருவர், "தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டீர்களா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவார். கைபேசியில் ஒலியெழுப்பி வைப்பது, கட்டிலின் பக்கச் சட்டத்தைப் பிடித்துத் தாமே திரும்புவது, தலையணைகளை முட்டிக்கும் கணுக்காலுக்கும் இடையே வைப்பது போன்ற வழிகளை அவர் செய்து காட்டுவார். மருத்துவக் குழு சிறுநீரை இடைவெளி விட்டுக் குழாய் மூலம் வெளியேற்றும் முறையைக் கற்பித்திருந்தால், அதைத் தாமே செய்யப் பழகியதால் தமக்குக் கிடைத்த விடுதலையையும் அவர் எடுத்துரைப்பார்.

சக வழிகாட்டியால் கிடைக்கும் பயன்கள்

நடைமுறை அறிவு: சக்கர நாற்காலியில் இருந்து கட்டிலுக்கு மாறுவது, ஒரு கையால் சட்டை அணிவது, செயற்கைக் காலுடன் வரப்பில் நடப்பது, பேருந்தில் ஏறுவது, பார்வையின்றிச் சமைப்பது போன்றவற்றைப் பல ஆண்டுகள் செய்து பழகியவரிடம் நேரில் கற்பது எளிது. உணர்வற்ற தொடையின்மேல் சூடான பாத்திரத்தை வைக்கக்கூடாது, உணர்வு குறைந்த பாதத்துடன் வெயிலில் காய்ந்த கோயில் பிரகாரத்திலோ கடற்கரை மணலிலோ வெறுங்காலுடன் நடக்கக்கூடாது என்பன போன்ற எச்சரிக்கைகளும் அனுபவத்தில் இருந்தே வருகின்றன.

கூச்சமின்றிப் பேசும் வாய்ப்பு: மலம், சிறுநீர், தாம்பத்திய உறவு, குழந்தைப் பேறு, மாதவிடாய்க் காலப் பராமரிப்பு ஆகியவை பற்றி மருத்துவரிடம் கேட்கப் பலர் தயங்குகின்றனர். ஒத்த நிலையில் உள்ள ஒருவரிடம், குறிப்பாகப் பெண்கள் மற்றொரு பெண்ணிடம், இவற்றை மனம் திறந்து கேட்க முடிகிறது. தேவைப்படின் இக்கேள்விகளை மருத்துவரிடம் எவ்வாறு கேட்பது என்பதையும் வழிகாட்டி சொல்லித் தருவார்.

எதிர்காலம் பற்றிய தெளிவு: குறைபாடு ஏற்பட்ட புதிதில், "இனி என்னால் எதுவும் இயலாது" என்ற எண்ணம் எழுவது இயல்பு. தம்மைப் போன்ற ஒருவர் வேலைக்குச் செல்வதையும், குழந்தைகளை வளர்ப்பதையும், தம் கருத்தைத் துணிந்து கூறுவதையும் நேரில் காணும்போது அந்த எண்ணம் தளர்கிறது.

உண்மையான எதிர்பார்ப்பு: நல்ல வழிகாட்டி பொய்யான நம்பிக்கை தரமாட்டார். எது மீண்டும் கிடைக்கும், எது கிடைக்காமல் போகலாம், எதற்கு மாற்று வழி உண்டு என்பதை அவர் நிதானமாகப் பேசுவார். முழுக் குணம் தருவதாக விளம்பரம் செய்பவர்களிடம் நிலத்தை அடகு வைத்துப் பணம் செலவழிக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த வழியில் சென்று திரும்பிய ஒருவரின் சொல் அவர்களைத் தடுத்து நிறுத்தக்கூடும்.

சேவைகளை அணுகும் வழி: எந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் பெறுவது, எந்த ஆவணங்களை எடுத்துச் செல்வது, எந்த அலுவலகத்தில் சாய்தளம் உண்டு என்பன போன்ற செய்திகளை வழிகாட்டிகள் நன்கு அறிவர்.

தமிழகத்தில் இதற்கான முன்னோடிகள்

சக வழிகாட்டுதல் என்ற பெயர் புதிதாகத் தோன்றினாலும், இதன் வேர் தமிழ்நாட்டில் ஆழமானது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு நிகழ்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கால்களின் இயக்கத்தை இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966ஆம் ஆண்டு அங்கு உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. அந்நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1972ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கால்கள் இயங்காத நோயாளி ஒருவர், தம்மைப் போன்றே சக்கர நாற்காலியில் வரும் மருத்துவரைக் கண்டபோது, சிகிச்சையுடன் வாழும் வழியின் சான்றையும் ஒருசேரப் பெற்றார். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் ஆண்டுதோறும் மீண்டும் ஒன்றுகூடும் மறுவாழ்வு மேளாவும் வேலூரில் நடைபெறும் வழக்கம் உண்டு. உடல் பரிசோதனை, விளையாட்டு, கலை நிகழ்ச்சி ஆகியவற்றுடன், பழைய நோயாளிகளும் புதியவர்களும் சந்தித்துப் பேச அது வாய்ப்பளிக்கிறது.

தென்காசிக்கு அருகில் உள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். 1981ஆம் ஆண்டு தம் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக அதற்கு அப்பெயரைச் சூட்டினார். தசைச்சிதைவு நோயுடன் வாழ்ந்த பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்து அமைப்பை வளர்த்தார். மறுவாழ்வு தேவைப்படுவோர் தங்கிப் பயிற்சி பெறும் இடத்தை, அத்தேவையைத் தாமே அறிந்த இருவர் நடத்தினர் என்பது இங்குக் கருதத்தக்கது. ராமகிருஷ்ணனுக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்டோர் பெண்கள் கிரிக்கெட் அணித் தலைவியாக விளங்கிய பிரீத்தி சீனிவாசன், 1998ஆம் ஆண்டு புதுச்சேரிக் கடற்கரையில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். அப்போது அவருக்கு வயது 18. கடுமையான தண்டுவடப் பாதிப்புடன் வாழ்பவர்களுக்காக, குறிப்பாக ஆதரவற்ற பெண்களுக்காக, 2013ஆம் ஆண்டு திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' என்ற அறக்கட்டளையை நிறுவினார்.

இம்மூவரும் பெரிய அமைப்புகளை உருவாக்கியவர்கள். உங்கள் சக வழிகாட்டி அத்தகைய சாதனையாளராக இருக்க வேண்டிய தேவை இல்லை. பக்கத்து ஊரில் செயற்கைக் காலுடன் பெட்டிக்கடை நடத்துபவரோ, பக்கவாதத்துக்குப் பின் மீண்டும் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய ஆசிரியரோ உங்களுக்கு மிகப் பொருத்தமான வழிகாட்டியாக அமையக்கூடும். உங்களுடையதைப் போன்ற வீட்டில், உங்களுடையதைப் போன்ற வருமானத்தில் அவர் வாழ்ந்து காட்டியிருப்பதே அவருடைய தகுதி.

உலக அனுபவமும் ஆய்வுகளும்

1972ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லி நகரில் தொடங்கப்பட்ட சுதந்திர வாழ்வு மையம், மாற்றுத்திறனாளிகளாலேயே நடத்தப்பட்டது. ஒருவருக்கொருவர் ஆலோசனை வழங்குதல் அதன் அடிப்படைச் சேவைகளுள் ஒன்றாக இருந்தது. சுவீடன் நாட்டில் 1976ஆம் ஆண்டு முதல், சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர்களே புதிதாகத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சி முகாம்களை நடத்தி வருகின்றனர். அம்முறை பின்னர் வேறு பல நாடுகளுக்கும் பரவியது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகர மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றில், தண்டுவடம் பாதிக்கப்பட்ட 158 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2017ஆம் ஆண்டு அதன் முடிவுகள் வெளியிடப்பட்டன. சக வழிகாட்டியைக் கூடுதலாகச் சந்தித்தவர்களிடம், தம் உடல்நலத்தைத் தாமே பேண முடியும் என்ற நம்பிக்கை அதிகமாக வளர்ந்தது. வீடு திரும்பிய பின் எதிர்பாராமல் மீண்டும் மருத்துவமனையில் தங்க நேர்ந்த நாட்களும் அவர்களிடையே குறைவாக இருந்தன. "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை உள்ளவரே நாள்தோறும் கண்ணாடி கொண்டு தம் தோலைச் சோதிப்பார், போதிய தண்ணீர் குடிப்பார், உடற்பயிற்சியைத் தொடர்வார். உடல்நலப் பயன் இவ்வழியிலேயே கிடைக்கிறது.

மனச்சோர்வு குறைவது பற்றி எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. எனவே சக வழிகாட்டுதலை மனநலச் சிகிச்சைக்கு மாற்றாகக் கருதக்கூடாது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை.

சட்டமும் உங்கள் உரிமையும்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. அதன் 26ஆம் பிரிவு மறுவாழ்வு பற்றியது. மாற்றுத்திறனாளிகள் இயன்றவரை தற்சார்புடன் வாழ அரசுகள் எடுக்க வேண்டிய நடவடிக்கைகளில், ஒத்த நிலையில் உள்ளோரின் ஆதரவையும் அப்பிரிவு வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. மறுவாழ்வுச் சேவைகள் இயன்ற அளவு முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்றும், ஊரகப் பகுதிகள் உட்பட மக்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது.

இவ்வுடன்படிக்கைக்கு ஏற்ப இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஒருவரின் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ளது என்று மருத்துவச் சான்று பெற்றால், இட ஒதுக்கீடு உள்ளிட்ட பல சலுகைகளுக்கு அவர் தகுதி பெறுவார். சக வழிகாட்டியைச் சந்திப்பதற்கு எந்தச் சான்றிதழும் தேவை இல்லை.

எப்போது சந்திக்கலாம்?

இதற்கென ஒரே காலம் வரையறுக்கப்படவில்லை. எனினும் பின்வரும் கட்டங்களில் சந்திப்பது பயனுடையது:

- மருத்துவமனையில் இருந்து வீடு திரும்புவதற்குச் சில நாட்களுக்கு முன்பு. வீட்டில் செய்ய வேண்டிய மாற்றங்களைத் திட்டமிட இது உதவும்.
- வீடு திரும்பிய முதல் சில வாரங்களுக்குள். நடைமுறைச் சிக்கல்கள் அதிகம் எழும் காலம் இது.
- வேலை, படிப்பு, திருமணம், குழந்தைப் பேறு ஆகியவற்றைப் பற்றி முடிவெடுக்கும் காலங்களில்.
- புதிய கருவி ஒன்றைப் பெறும்போது. எடுத்துக்காட்டாக, செயற்கைக் கால், சக்கர நாற்காலி, வெண்கோல்.

அதிர்ச்சி தணியாத முதல் நாட்களில் யாரையும் சந்திக்க விருப்பம் இல்லாமல் இருக்கலாம். அது தவறு அன்று. உங்களை வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை. மறுத்துவிட்டுச் சில மாதங்கள் கழித்து நீங்களே கேட்கவும் செய்யலாம்.

பொருத்தமான வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

குறைபாட்டின் வகையும் அளவும் ஒத்திருப்பது முதல் தேவை. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு, கைகள் நன்கு இயங்கும் ஒருவரின் அனுபவம் ஓரளவே பயன்படும். பாலினம், வயது, குடும்பச் சூழல், தொழில், மொழி ஆகியவையும் ஒத்திருந்தால் நல்லது. ஒருவருடன் மனம் ஒட்டவில்லை எனில் வேறொருவரைக் கேட்பதில் தவறில்லை.

முதல் சந்திப்பில் நீங்கள் கேட்கத்தக்க சில கேள்விகள்:

- உங்களுக்கு இக்குறைபாடு ஏற்பட்டு எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? முதல் ஆண்டு எவ்வாறு கழிந்தது?
- ஒரு நாளை எப்படித் தொடங்குகிறீர்கள்? எவ்வளவு நேரம் ஆகிறது?
- வீட்டில் என்னென்ன மாற்றங்கள் செய்தீர்கள்? எதை முதலில் செய்வது நல்லது?
- எந்தச் செலவு வீணானது என்று இப்போது கருதுகிறீர்கள்?
- வெளியூர் செல்லும்போது கழிப்பறைத் தேவையை எவ்வாறு சமாளிக்கிறீர்கள்?
- இன்றும் உங்களுக்குக் கடினமாக இருப்பது எது?

கடைசிக் கேள்விக்கு வெளிப்படையாக விடை கூறுபவர் நம்பத்தக்க வழிகாட்டி. எல்லாம் எளிது என்று மட்டுமே கூறுபவரின் பேச்சைக் கேட்ட பின், அவரைப் போல இயலவில்லையே என்ற தாழ்வுணர்ச்சி உங்களுக்கு எழலாம். ஒவ்வொருவரின் உடலும் காலமும் வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சக வழிகாட்டுதலின் எல்லைகள்

கீழ்க்கண்டவற்றை உங்கள் வழிகாட்டி செய்யக்கூடாது:

- மருந்தை நிறுத்தவோ, மாற்றவோ, அளவைக் கூட்டவோ கூறுதல்.
- பணம் கேட்டல், கருவி அல்லது மருந்து விற்றல், குறிப்பிட்ட சிகிச்சைக்கு ஆள் சேர்த்தல்.
- உங்கள் அனுமதியின்றி உங்களைப் பற்றிய செய்திகளையோ படங்களையோ பிறருக்கு அளித்தல்.
- சமயம், அரசியல் போன்றவற்றை உங்கள்மேல் திணித்தல்.

இவற்றுள் எது நேர்ந்தாலும், அவரை அறிமுகப்படுத்திய மருத்துவமனைக்கோ அமைப்புக்கோ தெரிவியுங்கள்.

பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் வழிகாட்டியின் ஆலோசனைக்காகக் காத்திராமல் உடனே மருத்துவ உதவி பெறுங்கள். அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கலாம்.

- குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், கலங்கிய அல்லது துர்நாற்றம் வீசும் சிறுநீர், சிறுநீர் வெளியேறாமை.
- தோலில் அழுத்தியும் மறையாத சிவந்த அல்லது கருத்த தடம், கொப்புளம், புண்.
- தண்டுவடத்தின் மேற்பகுதியில் பாதிப்பு உள்ளவர்களுக்குத் திடீரெனக் கடும் தலைவலி, முகத்தில் வியர்வை, முகம் சிவத்தல். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்வதன் அறிகுறியாக இது இருக்கலாம். உடனே நிமிர்ந்து உட்காரவைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைபட்டோ உள்ளதா என்று பார்த்து, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.
- ஒரு காலில் மட்டும் புதிதாக வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி.
- வாழ விருப்பமின்மை, தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம். இந்நிலையில் அவரைத் தனியே விடக்கூடாது. டெலி மனஸ் எனப்படும் மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

குடும்பத்தினரின் கவனத்துக்கு

அன்பின் மிகுதியால், பாதிக்கப்பட்டவர் செய்யக்கூடிய வேலைகளையும் குடும்பத்தினரே செய்துவிடுவது உண்டு. உணவை ஊட்டிவிடுதல், அவருக்காக முடிவெடுத்தல், விருந்தினர் முன் வராமல் உள்ளறையில் இருத்துதல் ஆகியவை காலப்போக்கில் அவருடைய திறனையும் தன்மதிப்பையும் குறைக்கின்றன. எந்த வேலையில் உதவ வேண்டும், எதில் விலகி நிற்க வேண்டும் என்பதைச் சக வழிகாட்டியின் முன்னிலையில் இருவரும் கலந்து பேசுவது நல்லது.

வழிகாட்டி வரும்போது சிறிது நேரம் அவர்கள் இருவரையும் தனியே பேச விடுங்கள். உங்கள் முன்னிலையில் கேட்க இயலாத கேள்விகள் அவரிடம் இருக்கலாம்.

பராமரிப்பவருக்கும் சகத் துணை தேவை. தூக்கிப் பழகாததால் இடுப்பு வலி, தூக்கமின்மை, வருமான இழப்பு, வெளியே சொல்ல முடியாத சலிப்பு ஆகியவற்றை மனைவி, கணவர், பெற்றோர் எனப் பலரும் எதிர்கொள்கின்றனர். வழிகாட்டியின் குடும்பத்தினருடன் பேசும் வாய்ப்பையும் கேட்டுப் பெறுங்கள்.

நெடுங்காட்டில் இருந்து தொடங்குவது எப்படி?

1. சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் கேளுங்கள். "இதே நிலையில் சிகிச்சை பெற்று, இப்போது நன்றாக வாழும் ஒருவருடன் நாங்கள் பேச முடியுமா?" என்று மருத்துவர், இயன்முறை மருத்துவர், மருத்துவச் சமூகப் பணியாளர் ஆகியோரிடம் கேளுங்கள். அவர்கள் அந்த நபரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே தொடர்பு ஏற்படுத்தித் தருவர். காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனையிலும், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையிலும் இக்கேள்வியை முன்வைக்கலாம்.

2. உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளர்களிடம் தெரிவியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரும் ஆஷா பணியாளரும் வீடு வீடாகச் செல்பவர்கள். கொம்யூன் பகுதியில் ஒத்த நிலையில் வாழ்பவர் யார் என்பதை அவர்கள் அறிந்திருக்கக்கூடும்.

3. சமூக நலத்துறை அலுவலகத்தை அணுகுங்கள். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மாற்றுத்திறனாளிகளுக்கான நலத்திட்டங்களை இத்துறை கவனிக்கிறது. உதவித்தொகை, உதவி உபகரணங்கள், தனித்துவ அடையாள அட்டை ஆகியவற்றுக்காகச் செல்லும்போது மாற்றுத்திறனாளிகள் சங்கங்களைப் பற்றியும் கேட்டறியலாம். நெடுங்காட்டைச் சுற்றியுள்ள நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. அங்கு வழங்கப்படும் மாநில அரசுத் திட்டங்கள் உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் வழிகாட்டி எந்த மாவட்டத்தவராக இருந்தாலும் அவருடைய அனுபவம் உங்களுக்குப் பயன்படும்.

4. தொலைபேசியைப் பயன்படுத்துங்கள். அருகில் பொருத்தமானவர் இல்லை எனில், வேலூர், ஆய்க்குடி, திருவண்ணாமலை போன்ற இடங்களில் உள்ள நிலையங்களைத் தொடர்புகொண்டு, தொலைபேசி வழியாகவோ காணொலி வழியாகவோ பேச இயலுமா என்று கேட்கலாம். இயன்றால் ஒருமுறையேனும் நேரில் சந்திப்பது நல்லது. சக்கர நாற்காலியில் இருந்து கட்டிலுக்கு மாறுவதைப் பேச்சில் கேட்பதைவிடக் கண்ணால் காண்பது தெளிவைத் தரும்.

நீங்களும் சக வழிகாட்டி ஆகலாம்

குறைபாட்டுடன் வாழப் பழகிச் சில ஆண்டுகள் ஆனவர்கள் இப்பணியை மேற்கொள்ளலாம். உயர் கல்வி தேவை இல்லை. பொறுமையாகக் கேட்கும் பண்பு, கேட்டதை வெளியில் கூறாத கட்டுப்பாடு, தெரியாததைத் தெரியாது என்று கூறும் நேர்மை ஆகியவை தேவை. உங்கள் சொந்தத் துயரம் இன்னும் ஆறாத நிலையில் இருந்தால் சிறிது காலம் காத்திருங்கள்.

முதல் சந்திப்பில் குறைவாகப் பேசி நிறையக் கேளுங்கள். உங்கள் கதையை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை; அவர் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும். "தைரியமாக இருங்கள்" என்ற சொல்லைவிட, "இரவில் எப்படித் திரும்பிப் படுக்கிறீர்கள்?" என்ற கேள்வி அவருக்கு அதிகம் உதவும். அவர் எடுக்கும் முடிவு உங்கள் முடிவில் இருந்து வேறுபட்டாலும் மதியுங்கள். மருத்துவ உதவி தேவை என்று தோன்றினால் தயங்காமல் மருத்துவக் குழுவுக்குத் தெரிவியுங்கள்.

உங்கள் விருப்பத்தை நீங்கள் சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் ஊரில் அடுத்து ஒருவர் இதே நிலையில் வீடு திரும்பும்போது, அவர்களால் உங்களை அழைக்க முடியும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

- சக வழிகாட்டி, அதே குறைபாட்டுடன் வாழ்ந்து பழகியவர். மருத்துவருக்கு மாற்று அல்லர்.
- வீடு திரும்பிய முதல் மாதங்களில் அவருடைய துணை மிகவும் தேவைப்படும்.
- பிறருக்குச் சுமையாகிவிடுவோம் என்று கருதித் தண்ணீரையோ, திரும்பிப் படுப்பதையோ, மருந்தையோ குறைக்காதீர்கள்.
- வழிகாட்டியை ஏற்பதும் மறுப்பதும் மாற்றுவதும் உங்கள் விருப்பம்.
- காய்ச்சல், புண், சிறுநீர் அடைப்பு, உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவற்றுக்கு உடனடி மருத்துவ உதவி பெறுங்கள்.

இப்பக்கத்தில் உள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகின்றன. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையைத் தகுதி பெற்ற மருத்துவரின் ஆலோசனைப்படி மேற்கொள்ளுங்கள்.